நடுவில் நின்ற குமிழ்

அந்தக் காது மருத்துவமனையில் அவளுக்குப் பொத்தானம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்க, எவ்வளவு சின்னதா இருந்தாலும் அழுத்துங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வரும்.

இருபத்துநாலு வருடமாக அதே வேலை. வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு சுருதியாக அனுப்புவாள். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று தாளில் குறிப்பாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. குறிகள் தாளின் மேல்பக்கமாகவே ஓடினால் நல்ல காது. சரிவில் இறங்கினால் போன காது. முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டருக்கு எப்போதும் அவசரம், அதனால் இவளே சொல்லிவிடுவாள். அதற்கென்று ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரு குரலை வைத்திருந்தாள். "இது இனிமே திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திக்கலாம்." ஆரம்பத்தில் அந்தக் குரலை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். எப்போதிலிருந்து அது கூடவே வர ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அவள் வீட்டுக்காரர் ஆணி ஆலையில் மேஸ்திரி. ஒரு பக்கம் கம்பிச் சுருள் உள்ளே போகும், மறுபக்கம் ஆணியாகக் கொட்டும். அப்படிப் பன்னிரண்டு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஐந்து தடவை அடிக்கும். அந்தக் கொட்டகைக்குள் இருபத்தெட்டு வருடம் நின்றவர். மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு டப்பா நிறைய காதடைப்பான் கொண்டுவந்து கொடுத்தாள். "இத வச்சிக்கிட்டா மிஷின் என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் இரண்டைச் செருகினார். மேசை ஆடுவது நின்றது. அவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான்.

நாள் முழுக்க இத்தனை சத்தத்தில் நிற்கிறவர் வீட்டுக்கு வந்தால் அமைதியைத்தானே தேட வேண்டும்? இவர் பாட்டுக் கேட்டார். சும்மா இல்லை, ஆராய்ச்சியாகக் கேட்டார். கூடத்தில் அவரே பலகை அறுத்து ஒட்டிய இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவில் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு ஆம்ப்ளிஃபயர், அவர் வாயில் ஆம்ப். அரைமணி நேரம் ஓடினால் அதன்மேல் துணி காயவைக்கலாம். அவருக்குப் புல்லாங்குழல் என்றால் உயிர். "ஊதறவன் ரெண்டு வரிக்கு நடுவுல மூச்சு இழுக்கறான் பாரு, அது கேக்கணும். அது கேக்கலன்னா அது ஆம்பே இல்ல, அடுப்பு" என்பார்.

ஞாயிறு மதியங்களில் அவருடைய சபை கூடும். சபை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், மொத்தம் மூன்று பேர். அவர், பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒருவர். பல் டாக்டர் வீட்டில் இதைவிடப் பெரிய ஆம்ப் இருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டில் ஒன்றும் இல்லை, வாய் மட்டும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பல் டாக்டர் எங்கோ காதைச் சோதித்துக்கொண்டு வந்து, தன்னுடையது இருபது வயதுக் காது என்று பீற்றிக்கொண்டார். இவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த விடுமுறை நாள் காலையில் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆளில்லாத மருத்துவமனைக்குப் போனார். "எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடு. பல் டாக்டர் மூஞ்சில ஒட்டணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார், புகைப்படம் எடுக்கப் போகிறவர்கள் உட்காருவார்களே, அப்படி. கீழ்ச் சுருதிகளில் பட்பட்டென்று அழுத்தினார். நடுச் சுருதிகளில் கொஞ்சம் யோசித்து அழுத்தினார். அவள் மேலே போனாள். அழுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், அப்புறம்தான் சந்தேகமாக அழுத்தினார். கடைசிச் சுருதிக்குப் போனாள். குமிழை அது போகிற மட்டும் திருப்பினாள். வேறு யாராவது உள்ளே இருந்தால் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அவர் கட்டைவிரலைப் பொத்தான்மேல் தயாராக வைத்துக்கொண்டு, இன்னும் அனுப்பவில்லையா என்கிற மாதிரி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொன்ன வாய்தான். அன்றைக்கு வரவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, சிவப்பு வட்டங்களையும் நீலக் குறிகளையும் மேல்பக்கமாகவே வரிசையாகப் போட்டாள். "நல்லா இருக்கு" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்ததுகூடப் பரவாயில்லை, அவர் அதை லேமினேட் செய்து ஆம்புக்கு மேலே சுவரில் மாட்டினார்.

குற்ற உணர்ச்சி வரும் என்று அவள் சில நாள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அழுகை வருமோ என்று பார்த்தாள். அதுவும் இல்லை. காலையில் எழுந்தாள், வேலைக்குப் போனாள், பொத்தான் கொடுத்தாள், வந்தாள். நெஞ்சில் ஊசி போட்டு மரத்துப்போன மாதிரி இருந்தது. அப்படி இருப்பது அவளுக்கு வசதியாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அவர் பாடுதான் திண்டாட்டம். புல்லாங்குழல்காரன் மூச்சு இழுப்பது கேட்கவில்லை. சுவரில் சான்றிதழ் தொங்கும்போது காதைச் சந்தேகிக்க முடியுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் நிஜமாகவே கூடத்தை மாற்றிப் பார்த்தார். சோபாவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார். திரைச்சீலையைக் கழற்றினார், வயரை மாற்றினார், ஆம்பையே இரண்டு தடவை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் "இப்ப கொஞ்சம் தேவல" என்பார். மூன்றாவது நாள் உட்கார்ந்தபடியே வெறுமே ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே இரண்டு வருடத்தில் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அவள் சமையலறையிலிருந்து ஏதாவது சொல்லுவாள். அவர் "ஆங்?" என்பார். திரும்பச் சொல்லுவாள். மறுபடியும் "ஆங்?" மூன்றாவது தடவை அவள் "ஒண்ணுமில்ல" என்பாள். நாளடைவில் முதல் இரண்டும் உதிர்ந்து "ஒண்ணுமில்ல" மட்டும் மிஞ்சியது. அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் அவரே வந்து உட்காருவார். அவருக்குக் கேட்காததால்தான் பேச்சு நின்றது என்று சொல்வதற்கில்லை. பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் கேட்கும். மருத்துவமனைக்கு வருகிற எல்லாருடைய பெண்டாட்டிக்கும் புருஷனுக்கும் அதைத்தான் அவள் சொல்லி அனுப்புகிறாள். தன் வீட்டில் செய்யவில்லை. அலுப்பாக இருந்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் தொலைபேசியில், "ஏம்மா, நீ பேசவே மாட்டேங்கற?" என்று கேட்டால், "பேச என்ன இருக்கு" என்பாள்.

இப்படியே போயிருக்கும். பெரிய ஆம்ப் கெட்டுப்போனதால் போகவில்லை.

சுவிட்சைப் போட்டால் உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. ரிப்பேர்க் கடைக்காரர் பத்து நாள் ஆகும் என்றார். அந்த ஞாயிறு டிரைவிங் ஸ்கூல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். சோப்புப் பெட்டி அளவு. பின்னால் வயர் செருக நாலு துளை, முன்னால் மூன்று குமிழ். மின்சாரத்துக்கு, மடிக்கணினிக்கு வருமே, அது மாதிரி ஒரு கறுப்புக் கட்டி.

"என்னப்பா இது, விசிட்டிங் கார்டா?" என்றார் பல் டாக்டர்.

"ஆம்ப் டாக்டர். உள்ள நகத்தளவு ஒரு சில்லு, அவ்வளவுதான். ரெண்டு பேர் சாப்பாட்டுக் காசு."

"சாப்பாட்டுக் காசுல வந்தது அஜீரணமாத்தான் பாடும்" என்றார் மேஸ்திரி.

"அண்ணே, நீங்க கூடத்துல உக்காந்து கேக்கறதுக்கு ரெண்டு மூணு வாட் போதும். மிச்சமெல்லாம் வீடு சூடாகறதுக்குத்தான். பாடறது ஸ்பீக்கர், ஆம்ப் பின்னால தள்ளறவன். தள்ளறவனுக்கு எதுக்கு இருபத்திரண்டு கிலோ?"

மேஸ்திரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று குமிழில் ஒன்று சத்தத்துக்கு. மற்ற இரண்டும் பேஸ், ட்ரெபிள்; கீழ்ச் சுருதியையும் மேல் சுருதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க. அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். சபையில் அது பெரும் பாவம். ஒலிப்பதிவுக்காரன் கொடுத்ததை அப்படியே கேட்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அவருடைய பெரிய ஆம்பில் அப்படி ஒரு குமிழே கிடையாது. "இந்த ரெண்டையும் எவனும் தொடக் கூடாது" என்று சொல்லி, இரண்டு குமிழின் வெள்ளைக் கோட்டையும் நேராக நடுவில் நிறுத்தினார்.

அன்று மாலை கேட்டுவிட்டு, "பெரியவனுக்கு இவன் ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றார், யாரிடமும் இல்லாமல். "ரெண்டு பேரும் மந்தம்."

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மதிய வேலை. காலையில் கூடத்தைத் துடைக்கும்போது அந்தச் சின்னப் பெட்டி முன்னால் நின்றாள். ட்ரெபிள் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவருக்கு எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் அது கைவைக்கும். கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து இருபத்துநாலு வருடம் திருப்பிய கை. குமிழைப் பார்த்தால் சும்மா இருக்காது. வலது பக்கம் போகிற மட்டும் திருப்பினாள். ஆனால் வெள்ளைக் கோடு காட்டிக்கொடுத்துவிடுமே. குமிழைப் பிடித்து இழுத்தாள். மலிவுச் சரக்கு, கையோடு வந்துவிட்டது. உள்ளே பல் வெட்டிய சின்னத் தண்டு. கோடு நேராக நடுவில் நிற்கிற மாதிரி குமிழைத் திரும்பச் செருகினாள். பார்க்கிறவருக்கு நடு, உள்ளே முழுசு. இது அவள் போட்ட இரண்டாவது பொய்க் கணக்கு. இதையும் செய்துவிட்டு மிச்ச இடத்தைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் கூடத்திலிருந்து, "இங்க வா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டார். போனாள். ஸ்பீக்கர்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"மூச்சு இழுக்கறான்" என்றார். "கேக்குதா உனக்கு? இதோ. இப்ப."

அவளுக்குக் கேட்டது. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் கீறுகிற மாதிரி கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ம், நல்லா இருக்கு" என்றாள்.

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க. ரெண்டு நாள் ஓடி சூடாகணும் போல இருக்கு, அதான் முதல்ல மந்தமா இருந்துச்சு." மெஷின் மனிதர், அதற்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். தோளில் கைபோட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு போட்ட கை. அதற்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தோள் கனத்தது, அவ்வளவுதான்.

அந்த வாரம் அவர் ஆளே மாறிப்போனார். ஆலைக்குப் போகும்போது சீட்டி அடித்தார். பழைய இசைத்தட்டுகளையெல்லாம் பரணிலிருந்து இறக்கி, இதில் இது கேட்கிறது, அதில் அது கேட்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவள் மாலை நேரங்களில் மாடிக்குப் போய் நின்றாள். அவர் பல் டாக்டரைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வாங்க. பெரியவனும் ரிப்பேர் முடிஞ்சு வந்துடுவான். ரெண்டையும் துணி போட்டு மூடி மாத்தி மாத்திப் போடுவோம். சின்னவன்கிட்ட பெரியவன் தோக்கலன்னா நான் சபைய கலைச்சிடறேன்" என்று சவால் விட்டார்.

அது அவள் காதில் விழுந்தது. அவளுக்குத்தான் எல்லாமே விழுமே.

சனிக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டாள். குமிழ் இப்போது இருக்கிறபடியே இருந்தால், பாட்டைப் போட்ட நொடியில் பல் டாக்டர் காதைப் பொத்துவார். இருபது வயதுக் காது. "இதையா நல்லா இருக்குன்னு சொன்ன?" என்பார். டிரைவிங் ஸ்கூல்காரர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். நடுவுக்கு மாற்றிவிட்டால் அவர்கள் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும். இவருக்கு மட்டும் அந்த மூச்சு மறுபடியும் போய்விடும். முதலாவது நாலு பேர் முன்னால் அவமானம். இரண்டாவது யாருக்கும் தெரியாத அவமானம். உண்மையைச் சொல்வது மூன்றாவது வழி. அதை அவள் எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். ஞாயிறு காலை அவர் குளிக்கப் போனபோது குமிழை இழுத்து, தண்டை உண்மையான நடுவுக்குக் கொண்டுவந்து, செருகினாள்.

சபை கூடியது. பெரியவனும் சின்னவனும் ஒரு போர்வைக்குப் பின்னால் போனார்கள். வயர் மாற்றுகிற வேலை டிரைவிங் ஸ்கூல்காரருக்கு. இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும் என்று கைப்பேசியை வைத்து அளந்துவிட்டு, தலையை மட்டும் போர்வைக்கு மேலே நீட்டி, "வண்டி கிளம்புது" என்றார். ஆறு தடவை போடுவது, ஒவ்வொரு தடவையும் எது பாடுகிறது என்று மற்ற இருவரும் தாளில் எழுதுவது என்று ஏற்பாடு.

அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு சமையலறை வாசலில் நின்றாள்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். "ஆகா. இது பெரியவன். அடி எடுத்த உடனே தெரியுது. அந்த மூச்சப் பாருங்க, பக்கத்துல உக்காந்து ஊதற மாதிரி."

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். "ஆமா" என்றார். தாளில் பெரியவன் என்று எழுதினார்.

இரண்டாவது தடவை அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. பல் டாக்டர் முகத்தைத்தான் பார்த்தார். அவர் புருவம் ஏறினால் இவர் தலையாட்டினார், அவர் உதட்டைப் பிதுக்கினால் இவரும் பிதுக்கினார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற பிள்ளை அப்படித்தான் எழுதும். இவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

ஆறு முடிந்ததும் போர்வை விலகியது. பல் டாக்டர் நாலு தடவை சின்னவனைப் பெரியவன் என்று எழுதியிருந்தார். மேஸ்திரியும் அதே நாலு தடவை. டிரைவிங் ஸ்கூல்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"டாக்டர், உங்க நாப்பது கிலோவ பேரிச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்."

"அட போப்பா" என்றார் பல் டாக்டர். ஆனால் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "நம்பவே முடியல. ஏம்மா தங்கச்சி, உன் வீட்டுக்காரர் காதுக்கு ஒரு கும்பிடு. நாங்கல்லாம் எடையப் பாத்து ஏமாந்தோம், இவர்தான் கேட்டுக் கண்டுபிடிச்சார். அந்த சர்ட்டிபிகேட் சும்மா இல்ல."

"இத நான் எத்தன நாளா சொல்றேன் அண்ணி" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "செவிடன் காதுல ஊதின சங்கா இருந்துச்சு இவங்களுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம்.

அவர்கள் போனதும் அவள் டம்ளர்களை எடுக்க வந்தாள். அவர் தரையில் சின்னப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அதே பாட்டை மறுபடி போட்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையை நீட்டி, எவனும் தொடக் கூடாது என்று அவரே சொல்லியிருந்த ட்ரெபிள் குமிழைத் தொட்டார். மெல்ல வலது பக்கம் திருப்பினார். அது முடிவுக்குப் போன இடத்தில் மூச்சு வந்தது. அவள் டம்ளரோடு நின்றாள். அவர் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தார். மூச்சு போனது. மறுபடியும் வலது பக்கம். மூன்று தடவை அப்படிச் செய்தார். இயந்திரத்தோடு பழகினவர்கள் ஒரு தடவையில் நம்ப மாட்டார்கள். கடைசியில் குமிழைப் பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. தண்டைப் பார்த்தார். குமிழைத் திருப்பி அதன் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். பாட்டை அணைத்தார்.

"நீயா?"

"ஆமா."

"எப்ப?"

"செவ்வாக்கிழம முழுசா வச்சேன். இன்னைக்குக் காலைல எடுத்துட்டேன். அவங்க வர்றாங்கன்னு."

அவர் சுவரைப் பார்த்தார். "அப்ப அது?"

"பொய். நான் போட்டது."

"எவ்வளவு போயிருக்கு?"

அவள் பக்கத்தில் போய், முகத்துக்கு நேராக நின்று, மருத்துவமனைக் குரலில் சொன்னாள். இரண்டு காதிலும், மேல்பக்கம் முழுக்க. இனிமேல் திரும்ப வராது. காதில் மாட்டுகிற கருவி இருக்கிறது, அது உதவும். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அவர் கத்துவார் என்று நினைத்தாள். சின்னப் பெட்டியைத் தூக்கி அடிப்பார் என்றுகூட நினைத்தாள். அடித்தால் நல்லதுதான் என்றும் தோன்றியது. அவர் குமிழை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது, அவள் கொஞ்சமும் எதிர்பார்க்காத விதமாக, அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப காதுதானா?" என்றார்.

"என்ன?"

"ரெண்டு வருஷமா நீ என்கிட்ட பேசறதயே விட்டுட்டன்னு நெனச்சிட்டிருந்தேன். என்ன தப்புப் பண்ணேன், என்ன தப்புப் பண்ணேன்னு யோசிக்காத நாள் இல்ல. உன்கிட்ட கேக்கவும் பயம், கேட்டா ஏதாவது சொல்லிடுவியோன்னு. பொண்ணுகிட்டகூட கேட்டேன், அம்மாவுக்கு என்மேல என்ன கோவம்னு. அவளுக்கும் தெரியல." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ பேசிக்கிட்டுதான் இருந்திருக்க. எனக்குத்தான் விழல. காது போனா போகுது, சனியன். இதுதானே விஷயம்? வேற ஒண்ணுமில்லையே?"

அவள் அவரைப் பார்த்தாள். இல்லை, நான்தான் நிறுத்தினேன், எனக்கு அலுத்துப்போச்சு என்று சொல்லலாம். ஒரு வரிதான். பக்கத்தில்தான் நிற்கிறாள், முகத்துக்கு நேராகத்தான் நிற்கிறாள், சொன்னால் நன்றாகக் கேட்கும்.

"ஆமா" என்றாள். "காதுதான்."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். எழுந்து போய் மோடாவை இழுத்து வந்து அவளுக்குப் போட்டார். தான் எதிரே நாற்காலியை நெருக்கமாகப் போட்டுக்கொண்டு, முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். "கொஞ்சம் சத்தமா, நிதானமா பேசு. என்னென்ன எனக்கு விட்டுப்போச்சோ எல்லாத்தையும் சொல்லு. அவசரமே இல்ல."

அவள் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று தேடினாள். மருத்துவமனையைத் தேடினாள், மகளைத் தேடினாள், அக்கம்பக்கத்தைத் தேடினாள். இரண்டு வருடத்தில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்றுகூடச் சேர்த்துவைத்திருக்கவில்லை. பயம் வந்தது, சரியான பயம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று தோன்றியது.

"நாளைக்குக் காலைல என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும் நீங்க" என்றாள் சத்தமாக.

"வர்றேன்" என்றார். கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "அப்புறம்?"